முழுச்சட்டக் கேமராவும் மயில்கழுத்துப் பட்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

இயற்பியல் வகுப்பில் ஒளிமின் விளைவைப் படித்தபோது, அதற்கும் எங்கள் வீட்டுத் தறிக்கும் ஏதேனும் தொடர்பு இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்தத் தொடர்பை உண்டாக்கியது ஒரு கேமரா. அந்தக் கேமராவைத் தேடி என்னைப் போகவைத்தது, விற்ற பிறகு வீடு திரும்பிய ஒரு சேலை. ஆகவே சேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தந்தையார் ஆரணியில் குழித்தறியில் பட்டு நெய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி தருவார்; நெய்து கொடுத்துக் கூலி வாங்கி வருவோம். சென்ற ஆண்டு மட்டும் அப்பா கையிலிருந்ததைத் திரட்டிச் சொந்தப் பட்டில் ஒரு சேலை நெய்தார். நீலப் பாவு, பச்சை ஊடை, மயில்கழுத்து நிறம். கரை அரக்கு. "நீ படிக்கிற புள்ள, போட்டோ எடுத்து நேராவே வித்துக் குடு" என்றார். என் கைப்பேசியில் படம் எடுத்துச் சென்னையிலுள்ள ஓர் அம்மையாருக்கு அனுப்பினேன். பணம் வந்தது. பத்தாம் நாள் சேலையும் திரும்பி வந்தது. "படத்தில் நல்ல நீலம், பெட்டியைத் திறந்தால் பச்சை" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. படத்தையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு சேலைகள் போலத்தான் இருந்தன. அப்பா பணத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். சேலை பீரோவுக்குள் போயிற்று. தறியில் மறுபடி முதலாளியின் பாவு ஏறியது.

விடுமுறை நாட்களில் நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் உதவியாள். முகூர்த்த நாட்களில் விளக்கு பிடிப்பேன், ஒயர் சுற்றுவேன். ஸ்டூடியோ அண்ணன் ஐப்பசியில் புதிதாக ஒரு முழுச்சட்டக் கேமரா வாங்கினார். தம் பழைய கேமராவைக்கூடப் பிறர் தொட விடாதவர் அவர். ஆனால் மார்கழியில் கல்யாணம் கிடையாது; கேமரா பெட்டிக்குள் சும்மா தூங்கும். சேலைக் கதையைச் சொன்னேன். "மூணு நாள். கீழ போட்டா நீயே வாங்கினதா அர்த்தம்" என்று சொல்லிக் கொடுத்தார். கேமராவின் கம்பெனிப் பெயரை இங்கே எழுதவில்லை. இது விளம்பரம் அன்று.

முழுச்சட்டம் என்றால் என்ன? பெயர் புதிது, அளவு பழையது. சினிமா பிலிமின் அகலம் 35 மி.மீ. அதில் ஒரு சட்டம் 18க்கு 24 மி.மீ. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் என்பவர் அந்தப் பிலிமைப் படுக்கையாக ஓட்டி, சட்டத்தை இரட்டித்து, 24க்கு 36 மி.மீ. ஆக்கினார். அந்த லைகா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் உலகெங்கும் அதுவே வழக்கமான அளவாயிற்று. நம் மாநிலத்திலேயே, உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. அந்த ஆலை இப்போது இல்லை. பிலிம் போய் மின்னணு உணர்வி வந்தபோது, அவ்வளவு பெரிய சிலிக்கான் துண்டைப் பழுதில்லாமல் செய்வது பெருஞ்செலவாக இருந்தது. எனவே சிறிய உணர்விகளையே வைத்தார்கள். பிலிமின் முழு அளவுள்ள உணர்வியோடு கான்டாக்ஸ், கேனன் ஆகியவற்றின் கேமராக்கள் 2002இல்தான் வந்தன. இதனால்தான் 'முழு' என்ற அடைமொழி. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் மின்னணுக் கேமராவில் இருந்தவை நூற்றுக்கு நூறு, அதாவது 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆயிற்று. என் கையில் இருந்த கேமராவில் புள்ளிகள் 2 கோடியே 40 லட்சம்.

கையில் வாங்கியதும் முதலில் தெரிந்தது கனம். லென்ஸோடு சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பயம் சேர்ந்ததால் இரண்டு கிலோவாகத் தெரிந்தது. "இது இன்னா வெலடா?" என்றார் அப்பா. சொன்னேன். எத்தனை சேலைக் கூலி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினார்.

அன்று இரவு முதல் படம். எங்கள் தறி அறையில் இருப்பது 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று. கைப்பேசியில் எடுத்தால் அப்பாவின் முகம் மெழுகு பூசியது போலவும், சுவர் மணல் தூவியது போலவும் வரும். இந்தக் கேமராவில் துளை எஃப் 4, நேரம் விநாடியில் 60இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 6400 என்று வைத்து அழுத்தினேன். நாடா ஓடிய கோடு மங்கலாகவும், அதை விசிறிய கை தெளிவாகவும் விழுந்தன. சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு காய்ப்பு. இருபது ஆண்டுகளாக அந்தக் கையைப் பார்க்கிறேன். அந்தக் காய்ப்பை அன்றுதான் பார்த்தேன்.

இது எப்படி நிகழ்கிறது என்பதை நம் பாடத்தைக் கொண்டே விளக்கலாம். ஒளி ஃபோட்டான்களாக வருகிறது. மழைத்துளிபோல ஒழுங்கின்றி விழுகிறது. சராசரி 100 ஃபோட்டான் விழ வேண்டிய இடத்தில் 10 கூடலாம், குறையலாம். ஏனெனில் ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100க்கு 10 என்பது பத்து சதவீதம். கண்ணுக்கு அது மணல்போலத் தெரியும். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரு சதவீதம்தான். எனவே அதிக ஃபோட்டான் பிடிப்பதே வழி. முழுச்சட்ட உணர்வியின் பரப்பு 864 ச.மி.மீ. எனது கைப்பேசியின் உணர்வி ஏறக்குறைய 30 ச.மி.மீ. ஒரே துளை எண், ஒரே நேரம் என்றால் பெரியது சுமார் 29 மடங்கு ஒளியை வாங்குகிறது. படத்தின் தூய்மை அதன் வர்க்கமூலமாகிய ஐந்து மடங்குக்குச் சற்றுமேல் உயர்கிறது. முற்றத்தில் அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

ஆனால் அண்டாவுக்கும் ஒரு விலை உண்டு. 50 மி.மீ. லென்ஸில் துளையை எஃப் 1.8 வரை திறந்து, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து சேலையை எடுத்தேன். முந்தானையில் ஒரு மயில் தெளிவு. அதன் பக்கத்து மயில் புகை. கணக்கிட்டால், அந்தத் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் நான்கு செ.மீ.க்குச் சற்று மேல். மடிப்பு முழுவதும் தெளிய எஃப் 8 வேண்டும்; அப்போது ஒளி 20 மடங்கு குறைந்துவிடுகிறது. பெரிய உணர்வியால் பெற்றதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. கல்யாண வீட்டில் மணமகள் முகம் மட்டும் தெளிந்து, பின்னாலுள்ள நாற்காலிகள் கரைந்தால் அழகு. விற்கும் சேலையில் பாதி கரைந்தால் வாங்குபவர் சந்தேகப்படுவார். கேமராவைப் பற்றிப் பெருமை பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

இப்போது நிறத்துக்கு வருவோம். என் சிக்கல் முழுவதும் இதில்தான். சிலிக்கானில் விழும் நீல ஃபோட்டானும் ஓர் எலெக்ட்ரானைத்தான் விடுவிக்கிறது. சிவப்பு ஃபோட்டானும் ஓர் எலெக்ட்ரானைத்தான். வெளிவந்த எலெக்ட்ரானைப் பார்த்து அதை விடுவித்தது எந்த நிறம் என்று சொல்ல முடியாது. ஆகவே கேமரா பிறவியிலேயே நிறக்குருடு. ஒவ்வொரு புள்ளியின்மேலும் ஒரு வண்ணத் தாள் ஒட்டியதுபோல வடிகட்டி வைக்கிறார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. எனவே 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளில் நீலத்தை அறிபவை 60 லட்சம்தான். மற்றப் புள்ளிகளில் நீலம் எவ்வளவு என்பது அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிப்பது.

அடுத்த ஊகம், எது வெள்ளை என்பது. நம் பல்பின் ஒளியில் நீலம் ஓரிடத்தில் கூர்மையாக உயர்ந்து, சிவப்புப் பக்கம் தேய்ந்திருக்கும். கைப்பேசி தானாகவே ஒரு வெள்ளையை முடிவு செய்து, கூடவே நிறத்தைத் தூக்கியும் காட்டுகிறது. புதிய கேமராவையும் தானியங்கியில் விட்டு பல்பொளியில் எடுத்தேன்; அதுவும் நீலத்தின் பக்கமே சாய்ந்தது. விலை கூடிய கேமராவுக்கு நிறம் தெரியும் என்ற என் நம்பிக்கை அன்றே போயிற்று. பட்டுக்கடையில் பெரியவர்கள் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மறுநாள் காலை நானும் அதையே செய்தேன். பனி விலகும் நேரம், நேர் வெயில் இல்லாத வாசற்படி. ஸ்டூடியோவிலிருந்து கொண்டு வந்த சாம்பல்நிற அட்டையைச் சேலைமேல் வைத்து, "இதுதான் நடுநிலை" என்று கேமராவுக்குக் கற்பித்துவிட்டு எடுத்தேன்.

நிறம் நெருங்கி வந்தது. ஆனால் வேறொரு தொல்லை. சேலையின் முழு அகலத்தையும் எடுத்த படத்தில், சேலையில் இல்லாத வளைகோடுகள் நீரலைபோல ஓடின. அவற்றில் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தன. அப்பா பார்த்துத் திடுக்கிட்டார். "அச்சு கோளாறா?" என்று சேலையைத் தடவிப் பார்த்தார். கோளாறு நெசவில் இல்லை. ஒலியியலில் விம்மல்கள் படிக்கிறோமே, நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் மூன்றாவதாக ஒன்று கேட்கும் என்று? இது கண்ணுக்குத் தெரியும் விம்மல். மொய்ரே என்பது இதன் பெயர். பிறகு அதே பட்டின் வெட்டுத் துண்டைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து நம் ஆய்வகத்து நகரும் நுண்ணோக்கியில் எண்ணினேன்: ஒரு செ.மீ.க்குச் சுமார் 40 பாவிழை. சேலையின் அகலம் 122 செ.மீ.; அது படத்தின் 6000 புள்ளிகளை நிரப்பினால் ஒரு செ.மீ.க்கு 49 புள்ளி. ஓர் இழையைப் பிரித்தறியக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். இங்கே கிடைப்பது ஒன்றேகால் கூட இல்லை. 60 செ.மீ. மட்டும் எடுத்தால் இரண்டரை கிடைக்கும். ஆனால் நீல வடிகட்டி ஒன்றுவிட்டு ஒன்றுதான் இருப்பதால் பொய்நிறம் போகாது. 30 செ.மீ. அளவுக்கு நெருங்கினால் நீலத்துக்கும் இரண்டரை. அந்த நெருக்கத்தில் எடுத்தேன், கோடுகள் மறைந்தன. இந்தக் கணக்குச் சரியாக வந்தபோது, தேர்வில் நூறு வாங்கியது போல இருந்தது.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். சேலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாவு வந்துடுச்சி. ஊடை வரலியே" என்றார். நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னார். "நீலம் சரி. பச்ச எங்க?" மயில்கழுத்து என்பது ஒரு நிறம் அன்று, இரண்டு நிறங்கள். பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று குறுக்கே கிடப்பதால், ஒளி வரும் பக்கமும் பார்க்கும் பக்கமும் மாறினால் ஒன்று அமுங்கி மற்றது எழும். கேமரா நிற்பது ஓரிடம். அது காண்பது ஒரு கோணம். அந்த அம்மையாருக்கு நான் அனுப்பியதும் ஒரு கோணத்துப் படம்தான். அவர் கையில் எடுத்து விரித்தபோது மறுகோணம் தெரிந்தது. பல்பையும் கைப்பேசியையும் மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்; பிழையின் பாதி நான் நின்ற இடத்தில் இருந்தது.

அப்பாவே சேலையைக் கால் வட்டம் திருப்பிப் போட்டார். பச்சை மேலே வந்தது. எடுத்தேன். பிறகு ஒரு மடிப்பைத் தூக்கிப் பிடித்து, "இங்க ரெண்டும் இருக்குது பார்" என்றார். மேட்டில் நீலம், சரிவில் பச்சை. அதையும் எடுத்தேன். மூன்று நாளில் நான் எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் அப்பா சரி என்றவை இந்த மூன்றுதான்.

அந்த மூன்றையும் அதே அம்மையாருக்கு அனுப்பச் சொன்னதும் அப்பாதான். எனக்குக் கூச்சமாக இருந்தது, அனுப்பினேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எந்த நிறம் தெரியும் என்று கீழே இரண்டு வரி எழுதினேன். கேமராவைத் துடைத்து ஸ்டூடியோவில் சேர்த்தேன்; அண்ணன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "இது அதே சேலையா?" என்று ஒரு வரி வந்தது. ஆம் என்று எழுதினேன். விலை கேட்டிருக்கிறார். பழைய விலையையே சொல்வதா என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.