பினாங்கில் இலையுதிர் காலம் உண்டா?

கேள்வி: செப்டம்பர், அக்டோபரில் பிள்ளைகளோடு பினாங்கு வரலாமா? அங்கே இலையுதிர் காலம் எப்படி இருக்கும்?

பதில்: தாராளமாக வாருங்கள். ஆனால் இங்கே இலை உதிராது, மழைதான் கொட்டும். ஆண்டிலேயே அதிக மழை இந்த இரண்டு மாதங்களில்தான். மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் இங்குள்ள குடும்பங்கள் வெளியே போவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளும். ரொட்டி சானாயை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நடை. குரங்குகள் பையைப் பிடுங்கும். பிள்ளைகள் கையில் தின்பண்டம் வேண்டாம். இன்னொரு நாள் கொடிமலைக்கு, 1923 முதல் ஓடும் மலை ரயிலில். மேலே சுமார் ஐந்து பாகை குளிர்ச்சி கூடும்.

இந்தப் பருவத்தின் உண்மையான அழகு மாலைகளில்தான். நிலா விழாவுக்காகச் சீனக் கடைகளில் மூன்கேக் அடுக்கியிருக்கும், சிறுவர்கள் காகித விளக்கேந்தித் தெருவில் நடப்பார்கள். இதே பருவத்தில்தான் நவராத்திரியும். 1833-இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் இருந்து விஜயதசமியன்று தேர் புறப்படும். லிட்டில் இந்தியாவின் குறுகிய தெருக்களில் அதைப் பார்ப்பது ஒரு பேறு. என்னைக் கேட்டால், அதற்காகவே பயண நாளைக் குறிக்கலாம். இரண்டு விழாக்களின் தேதியும் ஆண்டுதோறும் மாறும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். குடை மறக்காதீர்கள்.