இழப்பீடு எப்போது கைக்கு வரும்?

லாரி ஓட்டும் என் கணவருக்கு விபத்தில் கால் முறிந்தது. வழக்குப் போட்டு ஆறு மாதமாகிறது. காப்பீட்டு நிறுவனம் பேசி முடிக்கலாம் என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா, எவ்வளவு காலம் காத்திருப்பது? – ஒரு வாசகி, திண்டுக்கல்

கால் ஆறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. சிகிச்சை முடிந்த பிறகே மருத்துவக் குழு ஊனம் எத்தனை சதவீதம் என்று சரியாகக் கணிக்க முடியும். அந்தச் சதவீதத்தோடு நின்றுவிடாமல், அவரால் இனி லாரி ஓட்ட முடியுமா என்பதையும் பார்த்தே வருமான இழப்பைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. முழுத் தீர்வு என்று இன்று ஒப்புக்கொண்டால், நாளை வரும் அறுவை சிகிச்சைச் செலவு உங்கள் தலையில்தான். அதுவரை பணம் முடங்குமே என்று தோன்றும். ஆனால் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி தர மோட்டார் வாகனச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஊனச் சான்றிதழ் வந்ததும் வழக்கை லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். தொகை ஒத்துப்போனால் ஒரே அமர்வில் முடியும். அந்த முடிவின் மேல் அப்பீலும் கிடையாது. வாதாடித் தீர்ப்பு வாங்கினாலோ, நிறுவனம் உயர் நீதிமன்றம் போனால் இன்னும் சில ஆண்டுகள் இழுக்கும். அதனால் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் தவறில்லை, ஆனால் ஊனச் சான்றிதழ் கையில் இருக்கும்போது மட்டும்.