உயிரணுவின் வாயில்

மதிலற்ற ஊருக்குக் காவல் இல்லை. வாயிலற்ற மதிலோ சிறையே ஆகும். பண்டமும் மாந்தரும் வந்து சென்றாலன்றி ஊர் வாழாது. வேண்டியவரும் வேண்டாதவரும் தடையின்றி நுழையினும் ஊர் வாழாது. ஆதலின் பண்டைய அரசர் மதிலை எழுப்பியதோடு அமையாது, வாயில்களை வகுத்து, அவற்றுக்கு விழிப்புடைய காவலரையும் நிறுத்தினர். நம் உடம்பும் அத்தகைய சிற்றூர்கள் பல இலட்சங்கோடி சேர்ந்த ஒரு பெருநாடு. உயிரணு எனப்படும் அச்சிற்றூர் ஒவ்வொன்றையும் சூழ்ந்து ஒரு மதில் உண்டு. அதனை உயிரணுச் சவ்வு என்பர். அச்சவ்வு எதனை உள்ளே விடுகிறது, எதனைப் புறத்தே நிறுத்துகிறது, புறத்திருந்து வரும் செய்தியை அகத்தே எவ்வாறு அறிவிக்கிறது என்பவற்றை ஆராய்ந்து அறிந்ததனால், ஒரு கொடிய நோயின் பிடியிலிருந்து மக்களை மீட்கும் வழி தெளிவாயிற்று. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

மதில் என்றவுடன் கல்லும் சுண்ணமும் நினைவுக்கு வரும். இம்மதிலோ கொழுப்பால் ஆயது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாகப் பகுத்து, அவற்றுள் ஏழெட்டுக் கூறுகளை அடுக்கினால் எத்துணைக் கனம் உண்டாகுமோ, அத்துணைக் கனமே இதற்கு உண்டு. இக்கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு தலையும் இரு வாலும் உடையது. தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். உயிரணுவின் அகத்தும் நீர், புறத்தும் நீர். ஆதலின் இம்மூலக்கூறுகள் இரு வரிசையாக நின்று, தலைகளை இருபுற நீரிலும் தோய்த்துக்கொண்டு, வால்களை நடுவே மறைத்துக்கொள்கின்றன. கட்டுவார் ஒருவருமின்றித் தானே அமையும் மதில் இது.

இஃது இரு வரிசை என்று எவ்வாறு அறிந்தனர்? ஆலந்து நாட்டு அறிஞர்களாகிய கார்ட்டர், கிரெண்டெல் என்னும் இருவர் 1925-இல் இதனைக் கண்டனர். குருதியின் செவ்வணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதனை நீரின்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, அதன் பரப்பை அளந்தனர். அவ்வணுக்களின் மேற்பரப்பை நோக்க அஃது இருமடங்காக இருந்தது. ஒன்றை மூடிய போர்வையை விரித்தபோது அஃது இருமடங்கு அகலம் உடையதாயின், அது மடித்துப் போர்த்தப்பட்டது என்று கொள்வதுதானே முறை?

நீரும் நெய்யும் கலவா. எனவே நீரில் கரைந்து திரியும் உப்பும் சர்க்கரையும் இக்கொழுப்பு மதிலைத் தாமே ஊடுருவ மாட்டா. உயிர்வளி போன்ற சில வளிகள் எளிதிற் புகுந்துவிடும். ஏனையவற்றுக்கு வாயில் வேண்டும். அவ்வாயில்கள் புரதங்களால் ஆயவை. அவை கொழுப்பாகிய குளத்தில் தெப்பங்கள் மிதப்பதுபோல மிதந்து நகர்கின்றன என்று 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எடுத்துரைத்தனர்.

ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காய்த் துண்டங்களில் உப்பைத் தூவி வைத்தால், சிறிது நேரத்தில் துண்டங்கள் சுருங்கக் கலத்தின் அடியில் நீர் நிற்கும். உப்பு மிக்க இடத்தை நோக்கி நீர் செல்லும் என்பதே இதன் காரணம். உடம்பினுள்ளும் இவ்விதி மாறுவதில்லை. உப்பு எவ்வழி, நீரும் அவ்வழி. இதனை நன்கு மனத்திற் பதித்துக்கொள்க. பின்னர்க் கூறப்போவது முழுவதும் இதனையே பற்றி நிற்கிறது. நீர் விரைந்து செல்வதற்கென்றே தனி வாயில்கள் பல உயிரணுக்களில் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே என்பார் 2003-இல் நோபல் பரிசு பெற்றார்.

நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது இயல்பு. பள்ளத்து நீரை மேட்டுக்குக் கொணர வேண்டுமாயின் ஏற்றம் இறைத்தல் வேண்டும். சவ்வினும் அத்தகைய ஏற்றம் ஒன்று உண்டு. அது மூன்று சோடிய அணுக்களை உயிரணுவினின்று வெளியே இறைத்து, இரண்டு பொட்டாசிய அணுக்களை உள்ளே இறக்கும். இரவும் பகலும் இவ்வேலை நடைபெறுகிறது. நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் ஒரு பெரும்பங்கு இதற்கே செலவாகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் இசுக்கோ 1957-இல் இதனை வெளிப்படுத்தினார். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1997-இல், அவருக்கு நோபல் பரிசு கிட்டிற்று. இவ்வேற்றத்தின் பயனாக உயிரணுவினுள் சோடியம் குறைந்தும் புறத்தே மிகுந்தும் இருக்கும். எனவே புறத்துள்ள சோடியம் எப்போது உள்ளே நுழையலாம் என்று வாயிலில் காத்துக் கிடக்கும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறோம். ‘வாயில்’ என்பது ‘இல்வாய்’ என்பதன் முன்பின்னாக மாறிய வடிவம் என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். அச்சொல்லுக்கு அகப்பொருள் நூல்களில் வேறொரு பொருளும் உண்டு. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூதாக நின்று பேசும் பாணன், தோழி முதலியோரையும் வாயில்கள் என்றே வழங்கினர். நுழையும் வழிக்கும், செய்தி உரைப்பார்க்கும் ஒரே சொல்! சவ்வின் தொழிலைத் தமிழிற் கூற இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஏனெனில் சவ்விலுள்ள புரதங்களுட் சில பொருள்களை விடுவனவாகவும், சில செய்தியை மட்டும் ஏற்று உரைப்பனவாகவும் உள்ளன.

அச்சம் உண்டாகும்போது அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியிற் கலந்து ஈரலை அடைகிறது. அது ஈரலணுவினுள் நுழைவதில்லை. வாயிலில் நிற்கும் புரதத்தைத் தொடுவதோடு அதன் வேலை முடிந்தது. தொடப்பட்ட புரதம், சவ்வின் உட்புறத்துள்ள ஜி-புரதம் என்னும் ஏவலனை எழுப்பும். அவ்வேவலன் மற்றொரு புரதத்தைத் தூண்ட, உள்ளே வளைய ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகும். அதுவே அகத்தார்க்குச் செய்தி சொல்லும் இரண்டாம் தூதன். உடனே ஈரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையைக் குருதிக்கு வழங்கும். இவ்விரண்டாம் தூதனைக் கண்டறிந்த சதர்லாந்து என்பாருக்கு 1971-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஜி-புரதம் முரசறைவோன் போன்றது. சிறிது நேரம் அறைந்து, தானே நிறுத்திவிடும். நிறுத்தத் தெரிந்திருப்பதே அதன் சிறப்பு.

இனி நோயைப் பற்றிக் கூறுவோம். காலரா எனப்படும் வாந்திபேதி, ஊர்களைச் சில நாள்களில் வெறுமையாக்கிய நோயாகும். இதன் கிருமியை இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிசெய்தார். நோய் முற்றியவரின் உடம்பினின்று ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறும். கண் குழிந்து, தோல் சுருங்கி, குரல் அடைத்து, காலையில் உழச் சென்றவர் இரவில் இறத்தலும் உண்டு. கிருமி குடலின் உட்போர்வையை அரித்து உரித்துவிடுகிறது என்று மருத்துவர் நெடுங்காலம் எண்ணினர். உரிந்த குடல் நீரை ஏற்காது. ஆகவே நோயாளிக்கு வாய்வழி நீர் கொடுப்பது வீண் என்றும் கருதினர். ஊசி வழியே குருதிக்குழாயில் உப்புநீர் ஏற்றுவதொன்றே வழியாக இருந்தது. மருத்துவமனை இல்லாத சிற்றூரில் அதற்கு எங்கே செல்வது?

கல்கத்தாவில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சம்புநாத் டே என்னும் அறிஞர், 1959-இல் இந்நோயின் உண்மையை வெளியிட்டார். கிருமிகளை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமி ஒன்றுமில்லாத வடிநீரை முயற்குடலின் கட்டப்பட்ட ஒரு பகுதியில் செலுத்தினார். கிருமி இல்லாதிருந்தும் அப்பகுதியில் நீர் வந்து நிரம்பிற்று. ஆகவே நோயை விளைப்பது கிருமி உமிழும் நஞ்சே என்பது தெளிவாயிற்று. பெரும் ஆய்வுக்கூடமும் பெரும்பொருளும் இன்றி இவர் செய்த இவ்வாய்வு, தக்க காலத்தில் தக்கவாறு போற்றப்படாதது வருந்தத்தக்கது. அதே காலத்தில் பாங்காக் நகரில் நோயாளரின் குடலினின்று நுண்ணிய துணுக்குகளை எடுத்து நோக்கினர். உட்போர்வை உரியாமல் நலமாகவே இருந்தது.

அங்ஙனமாயின் நஞ்சு செய்யும் தீங்கு யாது? அது மதிலை இடிப்பதில்லை. வாயிலிலுள்ள ஏவலனை மயக்குகிறது. நஞ்சின் ஒரு பகுதி சவ்வின் மேலுள்ள ஒருவகைக் கொழுப்பைப் பற்றிக்கொள்ள, மற்றொரு பகுதி உள்ளே புகுந்து ஜி-புரதத்தைத் தீண்டும். தீண்டப்பட்ட ஏவலன் முரசை நிறுத்தும் வகையறியாது ஓயாமல் அறைவான். உள்ளே இரண்டாம் தூதன் அளவின்றிப் பெருகும். அதனைக் கேட்டுக் குடலணுவின் குளோரைடு வாயில்கள் அகலத் திறந்துவிடும். குளோரைடு குடலினுள் கொட்டும். சோடியம் அதனைத் தொடரும். உப்பு எவ்வழி, நீரும் அவ்வழி. பொய்ச் செய்தி ஒன்றை நம்பி, உடம்பு தன் நீரைத் தானே வெளியே கொட்டுகிறது.

மருந்தின் வழி வேறொரு வாயிலில் இருந்தது. 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பிராக் நகரில் கூடிய அறிஞர் அவையில், இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்கர் ஒரு கருத்தை வெளியிட்டார். குடலணுவின் சவ்வில் குளுக்கோசு என்னும் சர்க்கரை தனித்து நுழைவதில்லை. சோடியத்தோடு கைகோத்தே நுழைகிறது என்பது அது. புறத்தே காத்துக் கிடக்கும் சோடியம், நுழையும் விரைவில் குளுக்கோசையும் இழுத்துச் செல்கிறது. இவ்வாயிலில் குளுக்கோசு இல்லையேல் சோடியத்துக்கும் நுழைவு இல்லை. சோடியம் இல்லையேல் குளுக்கோசுக்கும் இல்லை. இரண்டும் வரின் இரண்டும் உள்ளே செல்லும், நீரும் பின்தொடரும். வாந்திபேதியின் நஞ்சு பல வாயில்களைக் குலைத்தபோதிலும், இந்த ஒரு வாயிலைத் தொடுவதேயில்லை.

வெறும் நீரைக் குடித்தவர் பிழையாமைக்கும், உப்புநீரை மட்டும் குடித்தவர் தேறாமைக்கும் காரணம் இப்போது விளங்கும். உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீர், திறந்திருக்கும் அவ்வொரு வாயில் வழியே உடம்பினுள் புகும். 1968-இல் டாக்காவில் நாலின், காஷ் என்னும் இரு மருத்துவர் இதனை நோயாளரிடத்துச் செய்துகாட்டினர். அக்கரைசலைக் குடித்தோர்க்கு ஊசிவழி ஏற்ற வேண்டிய நீர், நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தது.

இதற்குப் பெருஞ்சோதனை 1971-இல் வந்தது. வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலிகளாக இந்தியாவில் புகுந்தனர். எல்லையை அடுத்த பன்கான் என்னும் ஊரில் வாந்திபேதி பரவிற்று. மருத்துவமனைத் தரையிற் கால்வைக்க இடமின்றி நோயாளர் கிடந்தனர். ஊசிவழி ஏற்றும் உப்புநீரோ தீரும் நிலையில் இருந்தது. அங்குப் பணியாற்றிய திலீப் மகலனாபிசு என்னும் மருத்துவர் ஒரு துணிபுக்கு வந்தார். 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையற்சோடா ஆகியவற்றை ஒரு லிட்டர் நீருக்கு என்னும் அளவில் பொட்டலங்களாகக் கட்டச் செய்தார். அவற்றைப் பெருங்கலங்களில் கரைத்து வைத்து, நோயாளரின் தாயரும் உடன்பிறந்தாரும் குவளையில் மொண்டு ஊட்டுமாறு பணித்தார். முன்னர் நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த சாவு, இம்முறையைப் பெற்றோரிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. மருத்துவரே செய்யத்தக்கது என்று கருதிய ஒன்றை எழுத்தறியாத தாயும் செய்து தன் மகவைக் காத்தாள் என்பதே இதன்கண் யாம் வியப்பது. மகலனாபிசு 2022-இல் மறைந்தார். மறுஆண்டு அவருக்குப் பத்ம விபூசண் விருது அறிவிக்கப்பட்டது.

பின்னர் வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் மகளிர், 1980 முதல் பத்தாண்டுக் காலம் வீடு வீடாகச் சென்று, மூவிரலால் எடுத்த உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் அரை லிட்டர் நீரில் கலக்கக் கற்பித்தனர். ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்களை அவர்கள் அடைந்தனர். வெல்லமும் சர்க்கரையும் குடலிற் சிதைந்து குளுக்கோசைத் தரும். அரிசிக் கஞ்சியின் மாவும் அவ்வாறே தரும். உப்பிட்ட கஞ்சியை நோயாளிக்கு ஊட்டிய நம் மூதாட்டியர் சோடிய வாயிலை அறியார். எனினும் அவர்கள் கை அவ்வாயிலையே தட்டிற்று.

இதன்கண் அளவே உயிர். இனிப்பு மிகுந்தால் மாங்காய்க்கு நேர்ந்ததே உடம்புக்கும் நேரும். குருதியின் நீர் குடலை நோக்கித் திரும்பும். இதனை எண்ணியே 2002-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பொட்டலத்தின் குளுக்கோசை 13.5 கிராமாகவும், உப்பை 2.6 கிராமாகவும் குறைத்தது. பொட்டலம் கிடையாத இடத்தில், ஒரு லிட்டர் தூய நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தல் வேண்டும். அதனைச் சிறிது சிறிதாக, நீர் போகப்போக, கொடுத்துவர வேண்டும். நினைவு தடுமாறிக் குடிக்க இயலாதாரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்த கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துகொள்க.