பேட்டரிப் பெட்டி வாங்கும் முன் ஒரு கணக்கு

இந்த மாதப் பாடம் 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்'. பெயர்தான் பெரிசு. ஒரு பேட்டரி, அதை 230 வோல்ட் வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், இரண்டையும் கண்காணிக்கும் சர்க்யூட், எல்லாம் ஒரே பெட்டியில்.

நான் மின்பொறியியல் படிப்பதால், "எது வாங்கலாம்?" என்று பலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கரண்ட் போனா, உங்க வீட்டுல எது கட்டாயம் ஓடணும்?"

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் பலர் மாடியில் சிக்கி உதவிக்குக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கைப்பேசியில் சார்ஜ் இருப்பதும், பாட்டியின் நெபுலைசர் ஓடுவதும் சின்ன விஷயமில்லை.

இரண்டு எண்கள்

பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். 'வாட்-ஹவர்' என்பது தொட்டியின் கொள்ளளவு. 'வாட்' என்பது குழாயின் பருமன், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பது. 500 வாட் பெட்டியில் 600 வாட் ரைஸ் குக்கரைச் செருகினால், பேட்டரி முழுசா இருந்தாலும் ஓடாது.

கணக்கு

500 வாட்-ஹவர் பெட்டியில் இன்வெர்ட்டர் இழப்பு போக, சுமார் 425 கைக்குக் கிடைக்கும். ஒரு நாள் செலவைப் பாருங்கள்:

காத்தாடி: 40 வாட் × 6 மணி = 240
எல்இடி விளக்கு: 8 வாட் × 8 மணி = 64
நெபுலைசர்: 150 வாட், 10 நிமிடம், 3 முறை = 75
இரண்டு கைப்பேசி = 30
மொத்தம்: 409

ஒரு நாளுக்குச் சரியாப் போச்சு. ஆனால் பாதிக்கு மேல் தின்றது காத்தாடிதான்! அதை நிறுத்தினால் செலவு 169 மட்டுமே. அதே பெட்டி ஏறக்குறைய இரண்டரை நாள் தாங்கும். உயிருக்கு வேண்டியது கொஞ்சம்தான் கேட்கும். சுகத்துக்கு வேண்டியதுதான் நிறையக் கேட்கும். பெரிய பெட்டி வாங்குவதற்கு முன் இந்த வரிசையை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

1. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையைத் தேடுங்கள். கனம் கொஞ்சம் அதிகம். ஆனால் ஆயுளும் அதிகம், சூட்டையும் நன்றாகத் தாங்கும்.
2. 'ப்யூர் சைன் வேவ்' என்று இருக்கிறதா பாருங்கள். மருத்துவக் கருவிகளுக்கு அது முக்கியம். கருவியின் கையேட்டையும் பார்த்துவிடுங்கள்.
3. உயரமான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வேண்டாம்.
4. வேலை முடிந்ததும் ஏசி சுவிட்சை அணையுங்கள். ஒன்றும் செருகாவிட்டாலும் இன்வெர்ட்டர் மின்சாரம் குடிக்கும். கைப்பேசிக்கு யூஎஸ்பி துளையே போதும்.
5. பெட்டியிலிருந்து வயர் இழுத்து வீட்டுச் சுவர் பிளக்கில் செருகவே கூடாது. அந்த மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போய், பழுது பார்ப்பவரைக் கொன்றுவிடலாம்.
6. வெள்ளத்தில் நனைந்த பெட்டியைக் காய வைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

சோலார் பலகை இருந்தால் நல்லதுதான். 100 வாட் பலகை நல்ல வெயில் நாளில் சுமார் 300 வாட்-ஹவர் தரும். ஆனால் வெள்ளம் வரும் பருவத்தில் வானம் மூடியே இருக்கும். அதனால் மழை எச்சரிக்கை வந்ததுமே சுவர் பிளக்கில் முழுசா ஏற்றிவிடுங்கள். மற்ற மாதங்களில் பாதிக்கு மேல் சார்ஜ் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும்.

இந்த வார வீட்டுப்பாடம்: ஒவ்வொரு கருவியின் அடியிலும் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து, உங்கள் வீட்டுப் பட்டியலை எழுதுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். அதுவும் சேவைதான்.