எண்ணெயில் ஊறும் பெல்ட்

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் போய்வர ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்திருக்கிறேன். 2014 மாடல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோல். ஒரே ஓனர், 58,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. இழுவை பிரமாதம். ஆனால் எங்கள் மெக்கானிக் அண்ணன், "அதுல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ள கெடக்கு, வேண்டாம்" என்கிறார். விற்பவரோ 2.4 லட்சம் கி.மீ. வரை பெல்ட்டைத் தொடவே வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?
— வாசகர், மில்லர்புரம், தூத்துக்குடி

பதில்: மெக்கானிக்கை நம்புங்கள். விற்பவர் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. ஐரோப்பாவில் ஃபோர்டு சொன்ன கணக்கு, 10 ஆண்டு அல்லது சுமார் 2.4 லட்சம் கி.மீ., எது முந்துகிறதோ அது. உங்கள் வண்டிக்குப் பத்தாண்டு கெடு எப்போதோ முடிந்துவிட்டது. குறைவாக ஓடியிருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், எனக்கு அதுதான் கவலை.

என்ஜின் கெட்டிக்காரத்தனமானது, அதை மறுக்க முடியாது. 999 சி.சி., மூன்றே சிலிண்டர், டர்போ போட்டு 125 குதிரைத்திறன். 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று முறை உலகின் சிறந்த என்ஜின் என்ற விருதை வாங்கியது. வழக்கமாக ரப்பர் பெல்ட் என்றால் என்ஜினுக்கு வெளியே உலர்வாக ஓடும், செயின் என்றால் உள்ளே எண்ணெயில் ஓடும். இதில் ரப்பர் பெல்ட்டையே எண்ணெய்க்குள் இறக்கிவிட்டார்கள். உராய்வு குறைவு, சத்தம் குறைவு, மைலேஜும் கொஞ்சம் கூடும்.

பெல்ட்டுக்கு எதிரி எண்ணெய் இல்லை. எண்ணெய் தாங்கும் ரப்பரில்தான் அதைச் செய்கிறார்கள். எண்ணெயில் கலக்கும் பெட்ரோல்தான் ஆபத்து. என்ஜின் ஆறியிருக்கும்போது கூடுதலாகப் பீய்ச்சப்படும் பெட்ரோலில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சம்புக்குள் வடிகிறது. மதுரை வரை ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். நீங்கள் உப்பளங்களைத் தாண்டி ஹார்பர் கேட்டைத் தொடுவதற்குள் ரேடியேட்டர் தண்ணீர் சூடாகியிருக்கும், ஆயில் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. பெட்ரோல் அங்கேயே தங்கி, நாளடைவில் ரப்பரை ஊதவைக்கிறது. பல் பிய்கிறது. பிய்ந்த துகள் ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்கிறது. பிரஷர் விழுந்தால் முதலில் டர்போ, அடுத்து பேரிங். ஆயில் லைட் எரியும்போது பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும்.

ஆயில் பம்ப்பைச் சுழற்றுவதும் இதேபோல் எண்ணெயில் ஊறும் இன்னொரு பெல்ட்தான். மறைமலை நகரில் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிய ஈகோஸ்போர்ட்டுகளை, ஃபோகஸ் கார்களோடு சேர்த்து, சுமார் 1.4 லட்சம் வண்டிகளை 2023 டிசம்பரில் திரும்ப அழைத்தார்களே, அதற்குக் காரணம் இந்த பம்ப் பெல்ட்டும் அதன் டென்ஷனரும். நம் மீனவர்கள் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கும்போது, நடுக்கடலில் ஸ்பானரை வைத்துக் கழற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த என்ஜின் தேறாது.

ஆசை விடவில்லை என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ சந்தேகப்படலாம். பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி, சம்பைக் கழற்றி, சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு ரப்பர் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பேரமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். சுத்தமாக இருந்தால் இரண்டு பெல்ட்டும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். டைமிங் பூட்டத் தனிக் கருவிகள் வேண்டும், அவை இல்லாத ஒர்க்‌ஷாப்பில் கொடுக்காதீர்கள். ஆயில், ஃபோர்டு இந்த என்ஜினுக்கென்று குறித்த 5டபிள்யூ-20 மட்டுமே. உங்கள் ஓட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது. லிஃப்டில் இருக்கும்போதே பிரேக் பைப்புகளில் உப்புக்காற்றின் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் சிப்காட்டில் செய்யும் வின்ஃபாஸ்ட் மின்சாரக் காரில் இந்தத் தொல்லை இருக்காதே?
— அதே வாசகர்

பதில்: பெல்ட்டும் இல்லை, என்ஜின் ஆயிலும் இல்லை. ஹார்பருக்குப் போய்வரும் குட்டி ஓட்டத்துக்குப் பொருத்தமான வண்டிதான். ஆனால் அந்த ஆலை திறந்ததே 2025 ஆகஸ்டில். ஏழெட்டு வருடம் உங்கள் ஊர்க் காற்றில் நின்ற ஒன்று செகண்ட் ஹேண்டுக்கு வரட்டும், அப்போது மறுபடியும் கேளுங்கள்.