செவிலியர் கல்லூரியை அளப்பது எப்படி?

ஒரு கல்லூரி நன்றாக நடக்கிறதா என்று அறிய நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை பேர் தேறினார்கள்?" என்பதே. வரலாறும் பொருளாதாரமும் கற்பிக்கும் கல்லூரிக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தலாம். செவிலியர் கல்லூரிக்கு இது போதாது. அங்கே பயின்றவர் பட்டம் பெற்றதும் நோயாளியின் கட்டிலருகே நிற்கப் போகிறார். நள்ளிரவில், மருத்துவர் வேறிடத்தில் இருக்கும்போது, நாடி தளர்வதை முதலில் காண வேண்டியவர் அவரே. விடைத்தாளில் நூற்றுக்கு எண்பது வாங்கிய கை அந்த நேரத்தில் என்ன செய்யும் என்பதைத் தேர்ச்சிப் பட்டியல் சொல்லாது.

இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-இல் தொடங்கிற்று. டெல்லியில் ஒன்று, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஒன்று. டெல்லிக் கல்லூரி இன்று நாட்டின் முதல் சுகாதார அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌர் அவர்களின் பெயரைத் தாங்கி, நம் பல்கலைக்கழகத்தோடு இணைந்தே நடக்கிறது. அதே 1946-இல்தான் சர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த உடல்நலக் குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. (பெயர்தான் போர், செய்த பணி உயிர் காக்கும் பணி.) அன்று நாட்டில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்தார் என்று அக்குழு கணக்கிட்டது. எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும், தரத்தையும் உயர்த்த வேண்டும் என்ற இரட்டைக் கவலை அன்று தோன்றியது, இன்னும் தீரவில்லை.

தரம் எங்கே கெடுகிறது? இதற்கு விடை பழையது. 1923-இல் அமெரிக்காவில் வெளியான கோல்டுமார்க் அறிக்கை, மருத்துவமனையின் அன்றாட வேலைத் தேவை மாணவியரின் கல்வியை விழுங்கிவிடுவதை எடுத்துக் காட்டியது. வார்டில் ஆள் குறைவு. மாணவி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். படுக்கை விரிக்க, மருந்துக் கடைக்கு ஓட, பதிவேடு எழுத அவளை அனுப்பிவிடுவது எளிது. முதல் முறை படுக்கை விரிப்பது பாடம். இருநூறாவது முறை விரிப்பது கூலியில்லா வேலை. இரண்டும் "மருத்துவமனைப் பயிற்சி" என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் பதிவாகின்றன!

ஆதலால் ஒரு கல்லூரியை மதிப்பிடப் புகுபவர் முதலில் பார்க்க வேண்டியது மாணவரின் பயிற்சிக் குறிப்பேட்டை. ஒரு மாதத்து வார்டு மணிகளை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் உடனிருந்த மணிகள் எத்தனை, புதிய திறன் ஒன்றைச் செய்து பார்த்த மணிகள் எத்தனை, பழகிய வேலையையே திரும்பச் செய்த மணிகள் எத்தனை என்று பிரித்தால் உண்மை வெளிப்படும். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. அலுவலகக் கோப்பில் அந்த விதி நிறைவேறியிருக்கலாம். காலை எட்டு மணிக்கு வார்டில் நிறைவேறியிருக்கிறதா என்பதே கேள்வி. ஆய்வுக் குழுவினர் நூலகத்து நூல்களையும் வகுப்பறை நாற்காலிகளையும் எண்ணுவதில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால் நன்று.

அடுத்தது தேர்வு. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-இல் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: அறிந்திருத்தல், எவ்வாறு செய்வதென்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், பணியில் செய்தல். நம் எழுத்துத் தேர்வுகள் முதலிரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். 1,000 மில்லி லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாயில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு. மொத்தம் 20,000 சொட்டு, 480 நிமிடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு என்று மாணவி எழுதிவிட்டாள், முழு மதிப்பெண். ஆனால் கட்டிலருகே கையில் கடிகாரத்தோடு சொட்டை எண்ணிக் குழாயைத் திருகி நிறுத்த அவளுக்கு வருமா? ஊசி நரம்பை விட்டு விலகி நோயாளியின் கை வீங்கியிருப்பதைக் கண்டு ஏற்றுவதை நிறுத்துவாளா? கணக்கு சரியாக இருந்தும் நோயாளி துன்புறுவது இவ்விடத்தில்தான்.

இதைச் சோதிக்கவே ஸ்காட்லாந்தில் டண்டியைச் சேர்ந்த ரொனால்டு ஹார்டன் 1975-இல் ஒரு புதுத் தேர்வு முறையை எழுதி வெளியிட்டார். ஆஸ்கி என்பது அதன் சுருக்கப் பெயர். மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சுற்றிவந்து, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களில் ஒரு செயலைச் செய்து காட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே மதிப்பெண் பட்டியல். தேர்வாளரின் மனநிலைக்கேற்ப மதிப்பெண் ஏறி இறங்கும் பழைய வாய்மொழித் தேர்வைவிட இது நேர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நான்காம் படியை இதுவும் எட்டாது. தேர்வாளர் பார்க்கும்போது கை கழுவாதவர் யார்?

வினாத்தாளையும் சோதிக்கலாம். நாற்பது பேர் எழுதிய தேர்வில் மொத்த மதிப்பெண்ணால் மேலே நிற்கும் பத்துப் பேரையும் கீழே நிற்கும் பத்துப் பேரையும் எடுத்துக்கொள்வோம். ஒரு வினாவுக்கு மேலவரில் மூவரும் கீழவரில் எழுவரும் சரியாக விடையளித்தால், கோளாறு பெரும்பாலும் வினாவிலோ விடைக்குறிப்பிலோ இருக்கும். மேலவர் ஒன்பது, கீழவர் எட்டு என்றால் அவ்வினா யாரையும் பிரித்துக் காட்டவில்லை. எனினும் அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இரத்தம் ஏற்றுமுன் பிரிவைச் சரிபார்ப்பது போன்றவை எல்லோரும் அறிந்தே தீர வேண்டியவை. அங்கே பிரித்துக் காட்டாமையே வெற்றி.

பட்டம் பெற்றபின் என்ன நிகழ்கிறது என்பதைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்பதே இல்லை. டொனால்டு கர்க்பாட்ரிக் 1959-இல் எழுதத் தொடங்கிய மதிப்பீட்டு முறை, பயின்றவர் மகிழ்ந்தாரா, கற்றாரா என்பதோடு நில்லாமல், பணியில் நடத்தை மாறிற்றா, அதனால் பயன் விளைந்ததா என்றும் கேட்கிறது. ஆறு மாதம் பணியாற்றிய பட்டதாரியிடமும் அவருடைய வார்டு ஸிஸ்டரிடமும் தனித்தனியே, "எதைச் செய்யத் தயங்க நேர்ந்தது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், பாடத்திட்டத்தின் ஓட்டைகள் தெரிந்துவிடும்.

பயன் உண்டென்பதற்குச் சான்றும் உளது. லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவு இது: பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு நூற்றுக்குப் பத்து கூடுமிடத்தில், அறுவை நோயாளர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்தபோது அது ஏழாகத் தெரிந்தது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே அன்றிக் காரணத்தை முற்றாக நிறுவவில்லை. நல்ல மருத்துவமனை நல்ல செவிலியரை ஈர்த்திருக்கவும் கூடும். இருந்தாலும், இரு கண்டங்களில் ஒரே திசையில் வந்த முடிவைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகாது.

2021-இல் அரசிதழில் வெளிவந்த புதிய விதிகள் நம் நாட்டுப் பட்டப்படிப்பை எட்டுப் பருவங்களாக அமைத்தன. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் புதிய செவிலியர் ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டமும் பருவமும் மாறுவதால் மட்டும் வார்டில் நடப்பது மாறிவிடாது. மாற்ற விரும்பும் கல்லூரி ஒரே வார்டு, ஒரே அணி, ஒரே திறன் என்று சிறிதாகத் தொடங்கலாம். கை கழுவுதலையே எடுத்துக்கொண்டு, முன்னறிவிப்பின்றி ஒரு வாரம் பார்த்து எண்ணட்டும். பிறகு ஆசிரியரை வார்டில் நிறுத்திக் கற்பிக்கட்டும். மூன்று மாதம் கழித்து, ஆசிரியர் இல்லாத வேளையில், மறுபடியும் எண்ணட்டும்.