கையாளாகப் போகிற பிள்ளை பொறியியலாளராகவும் வரலாம்

அன்பான தோட்டக் குடும்பத்தினருக்கு,

போன மாதம் பெரட்டுக் களத்தடியில் ஒரு அம்மா என்னை மறித்துக் கேட்டார். "ஐயா, மகன் ஓ.எல். எழுதிட்டான். கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கையாளுக்கு நல்ல சம்பளமாம். நான் என்னாங்க செய்ய?"

இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. ஆகவே இம்முறை பாடம் இதுதான்.

கட்டட வேலை கேவலமானதல்ல. ஆனால் சீமெந்துச் சட்டி தூக்குவதோடு நின்றுவிட்டால் நாற்பது வயதில் இடுப்பு போய்விடும். அதே தொழிலில் மேலே ஏறப் படிகள் இருக்கின்றன. அவை நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். கொக்கிளாயைப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே உள்ள ஊர். 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போன நம் மலையகக் குடும்பங்களில் சில, அந்தப் பக்கத்துக் கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேறின. 1984இல் அவர்களும் போனார்கள், கொக்கிளாய் மக்களும் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அத்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அங்கே மணல் நிலம், உப்புக் காற்று. கழுவாத கடல் மணலைக் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, கொங்கிரீட் வெடித்துக் கழன்றுவிடும். இதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் வீடு தப்பும்.

மலையில் பிரச்சினை வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. எந்தச் சரிவில் வீடு வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது, மழைத் தண்ணீரை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் கட்டடப் படிப்பில் வருபவை. இதைப் படித்தவர் நம் லயத்திலேயே இருந்தால், அவர் சொல்லுக்கு நாமும் காது கொடுப்போம் அல்லவா?

பல்கலைக்கழக வழி

குடிசார் பொறியியல் என்பது 4 வருடப் படிப்பு. பேராதனை, மொறட்டுவ, ருகுணு, தென்கிழக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், வன்னி மண்ணிலேயே உள்ளது. மண் இயக்கவியல், கட்டமைப்பு, நில அளவை, நீரியல் எல்லாம் படிப்பார்கள். வேலைத்தளத்தில் பயிற்சியும் உண்டு. மொறட்டுவையில் கட்டடக்கலை, கணிய அளவையியல் (செலவுக் கணக்குப் படிப்பு) என்பனவும் உள்ளன. படிப்புக் கட்டணம் கிடையாது. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல உதவித்தொகை உண்டு.

இதற்குச் செய்ய வேண்டியவை:

1. ஓ.எல்.இல் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக எடுக்க வேண்டும். எட்டாம் ஆண்டிலிருந்தே கவனியுங்கள்.

2. உயர்தரத்தில் பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பக்கத்துப் பாடசாலையில் இல்லையென்றால், இருக்கிற பாடசாலையை இப்போதே விசாரியுங்கள்.

3. அனுமதி இஸட் புள்ளிப்படி. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, முல்லைத்தீவு போன்ற 16 பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. "நமக்கெங்கே கிடைக்கும்" என்று விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

4. பொறியியல் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதனால் இன்றிலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசிக்கப் பழக்குங்கள்.

இன்னொரு வழி

கணிதத்தில் புள்ளி குறைந்தால் கதவு அடைபடாது. தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) 4ஆம் மட்டம் தேர்ந்த கைவினைஞருக்கு, 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம். இரத்மலானையில் உள்ள வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இந்த வழியில் வருபவர்களுக்காகவே உள்ளது. ஏற்கெனவே மேசன் வேலை செய்கிற பையன்களும் தங்கள் அனுபவத்தைப் பரீட்சித்துக் காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் 'கையாள்' என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "பெறுபேறு வரும்வரை பொறுங்கம்மா. கணக்கில் நல்ல புள்ளி வந்தால் உயர்தரம். இல்லாவிட்டால் தொழிற்பயிற்சி. வெறுங்கையோடு மட்டும் கொழும்புக்கு அனுப்பாதீங்க."

வெள்ளம் வருமுன் அணை கட்டு என்பார்கள். பெறுபேற்றை எடுத்துக்கொண்டு நலன்புரி அறைக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பெண்பிள்ளையானாலும் கூட்டி வாருங்கள், பொறியியல் பீடங்களில் பெண்பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்